வாத்தியார் பதில்கள்: பேராயர் நாற்காலியும் பங்காளிகளும்

சென்ற இதழில், கோயில் நிர்வாகத்தில் வாரிசுரிமை பற்றிக் கேட்டிருந்த ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "அயர்லாந்தில் ஒரு காலத்தில் பேராயர் பதவியே ஒரு குடும்பத்துப் பங்காளிச் சொத்தாக இருந்தது, மலாக்கி என்பவர் வந்துதான் அது முடிந்தது" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். தபால்காரர் என்னை முறைக்கும் அளவுக்குக் கடிதங்கள். செட்டிநாட்டுக்காரர்களிடம் 'பங்காளி' என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மற்றக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இந்த இதழில் மலாக்கி ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன்.

கே: ஐயா, 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் இறந்தபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. 'அயர்லாந்துப் பேராயர் புனித மலாக்கி எல்லாப் போப்புகளையும் அன்றே வரிசையாகச் சொல்லிவிட்டார், இவரோடு பட்டியல் முடிகிறது, ரோமாபுரி அழியப்போகிறது' என்று. நீங்கள் எழுதியது அந்த மலாக்கியைத்தானா?
— வாசகர், பள்ளத்தூர்

ப: அவரேதான். அந்தச் செய்தி எனக்கும் வந்தது. அனுப்பியவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்த பிள்ளைகள் என்பதுதான் வருத்தம்.

மலாக்கி மெய். பட்டியல் பொய்.

அதில் இருப்பவை 112 குட்டிக் குட்டி லத்தீன் வாசகங்கள். 1143இல் பதவிக்கு வந்த இரண்டாம் செலஸ்டீன் தொடங்கி, ஒரு போப்புக்கு ஒரு வாசகம். மலாக்கி இறந்தது 1148இல். இந்தப் பட்டியல் முதன்முதலாக அச்சேறியது 1595இல், வெனிஸ் நகரில், அர்னால்டு வியோன் என்ற பெனடிக்ட் சபைத் துறவியின் புத்தகத்தில். இடையில் 447 வருடம். அத்தனை காலமும் இதைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

மலாக்கியின் வாழ்க்கையை எழுதிவைத்தவர் சாதாரண ஆள் இல்லை. பிரான்சில் கிளேர்வோ மடத்தின் தலைவர், அந்த நூற்றாண்டில் அரசர்களையே அதட்டக்கூடிய புனித பெர்னார்டு. மலாக்கி அவர் மடியில்தான் இறந்தார் என்று சொல்லலாம். அற்புதம் என்றால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறவர் அவர். யார்க்ஷயரில் ஒருவர் மலாக்கிக்கு ஒரு முரட்டுக் குதிரையைக் கொடுத்தாராம். இவர் ஏறிய பிறகு அது பதமான நடைக்கு வந்து, கறுப்பாக இருந்த உடம்பு வருடக்கணக்கில் வெளுத்து வெள்ளைக் குதிரையே ஆகிவிட்டதாம். குதிரை நரைத்ததையும் அற்புதக் கணக்கில் எழுதியவர், இத்தனை போப்புகளை முன்கூட்டிச் சொன்ன கதை காதில் விழுந்திருந்தால் விட்டுவைத்திருப்பாரா?

அதைவிட, பட்டியலே தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறது. 1590 வரைக்கும் வாசகங்கள் கச்சிதமாகப் பொருந்தும். பிறந்த ஊர், குடும்பப் பெயர், கேடயத்தில் இருக்கும் சின்னம் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். இங்கிலாந்துக்காரரான ஒரே போப் நான்காம் ஏட்ரியனுக்கு 'வெள்ளை நாட்டுப்புறத்திலிருந்து' என்று இருக்கிறது. அவர் பிறந்தது செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம். லத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை. பிரமாதம். ஆனால் 1590க்குப் பிறகு வாசகங்கள் கொழகொழவென்று ஆகிவிடுகின்றன, யாருக்கு வேண்டுமானாலும் மாட்டலாம். அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் வாசகம் 'நகரத்தின் பழமையிலிருந்து'. 1590 இலையுதிர் காலத்தில் போப் தேர்தல் நடந்தபோது போட்டியில் இருந்த ஒரு கர்தினாலின் ஊர் ஓர்வியெட்டோ. அந்த ஊர்ப்பெயரின் பொருளே 'பழைய நகரம்'. அவருக்கு ஓட்டுச் சேர்க்க யாரோ கட்டிவிட்ட கதை என்பது பல ஆராய்ச்சியாளர்களின் சந்தேகம். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. பாவம், அவர் தோற்றுப்போனார்.

கடைசி வாசகத்தில் 'ரோமைச் சேர்ந்த பேதுரு' வருவார், ஏழு குன்று நகரம் அழியும் என்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் அது போப் பிரான்சிசுக்கு வந்து விழுகிறது. அவருடைய இயற்பெயர் ஹோர்ஹே மரியோ பெர்கோலியோ, ஊர் புவனஸ் அயர்ஸ். அவருக்குப் பின் 2025 மே 8இல் பதினான்காம் லியோ வந்துவிட்டார். நகரமும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் குழுவில் அனுப்பியவருக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.

கே: நான் படித்தது பாதிரிமார் பள்ளிக்கூடம். கத்தோலிக்கக் குருக்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகனே இல்லாத பதவி எப்படிப் பரம்பரைச் சொத்தாகும்?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தேவகோட்டை

ப: சரியான கேள்வி. இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தை ரோமானியர்கள் ஆண்டதே இல்லை. ஆகவே இத்தாலியிலோ பிரான்சிலோ இருந்ததுபோல ஊருக்கு ஒரு ஆயர், அவருக்கு ஒரு எல்லை என்ற ஏற்பாடு அங்கே வேர்பிடிக்கவில்லை. 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் வந்து போனபின், திருச்சபை வளர்ந்தது மடங்களைச் சுற்றித்தான். மடத்துக்கு நிலம் கொடுத்தது ஒரு குலம். மடத்தின் தலைமையும் நாளடைவில் குலத்துக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. மடத் தலைவரை, அதை நிறுவிய புனிதரின் வாரிசு என்றே சொன்னார்கள். வட அயர்லாந்தில் உள்ள ஆர்மா பேட்ரிக்கின் இடம். அதனால் ஆர்மாவின் தலைவர் 'பேட்ரிக்கின் வாரிசு'. தீவு முழுவதற்கும் அவரே பெரியவர்.

நம் பக்கத்துக் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறவர் சிவாச்சாரியார். சாவிக்கொத்து, கணக்குப் புத்தகம், நிலத்துக் குத்தகை, திருவிழாவில் முதல் மரியாதை எல்லாம் இன்னொருவர் கையில். ஆர்மாவிலும் அப்படித்தான். திருப்பட்டம் கொடுக்க, ஆயருக்கு உரிய சடங்குகளைச் செய்ய முறையாக அபிஷேகம் பெற்ற ஆயர் ஒருவர் மடத்துக்குள் இருப்பார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் குருப்பட்டமே வாங்காத குடும்பத்தலைவர். கல்யாணம் செய்துகொண்டவர், பிள்ளைகுட்டிக்காரர். 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அந்த நாற்காலி பெரும்பாலும் சினாக் குலம் என்ற ஒரே குடும்பத்திடம் இருந்தது. அண்ணனுக்குப் பின் தம்பி, சித்தப்பாவுக்குப் பின் பேரன். இப்படி எட்டுப் பேர், எல்லோரும் மனைவி உள்ளவர்கள், பட்டம் பெறாதவர்கள், ஆனால் படித்தவர்கள் என்று பெர்னார்டு பொருமுகிறார். 'படித்தவர்கள்' என்பதை அவரே ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள்.

வருமானம் எப்படி? வாரிசு ஊர் ஊராகச் சுற்று வருவார், பேட்ரிக்கின் பங்கைக் கொடுத்தாக வேண்டும். 1106இல் வடக்கே நடந்த ஒரு சுற்றின் கணக்கு ஆண்டுக் குறிப்புகளில் இருக்கிறது: ஆறு பேருக்கு ஒரு பசு, அல்லது நாலு பேருக்கு அரை அவுன்ஸ் வெள்ளி. இதற்குமேல் காணிக்கைகள் தனி. புள்ளி வரி கட்டிப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். அந்த 1106 சுற்றுக்குப் போனவர் பெயர் கெல்லாக். சினாக் குலத்தில் பிறந்தவர். 1105இல், இருபத்தைந்து வயது வாக்கில், பரம்பரை முறைப்படி நாற்காலி அவருக்கு வந்தது. வந்ததும் அவர் செய்த முதல் காரியம், போய்க் குருப்பட்டம் வாங்கிக்கொண்டது. மறு வருடம் ஆயராகவும் அபிஷேகம் பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாவிக்கொத்தும் பூசையும் ஒரே கைக்கு வந்தன. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பாட்டன் வழியில் உட்கார்ந்து பசுக்களை எண்ணிக்கொண்டிருந்தாலும் அன்று கேட்பார் இல்லை.

1111இல் ராத் பிரசில் என்ற இடத்தில் திருச்சபையின் பெரிய சங்கம் கூடியது. லிமரிக் ஆயர் கில்லா போப்பின் பிரதிநிதியாக இருந்தார், மூர்க்கெர்ட்டாக் ஓ பிரையன் என்ற அரசர் பின்பலம், கெல்லாக் முன்னின்றார். அங்கேதான் தீவு முதன்முறையாக மறைமாவட்டங்களாக, அதாவது ஆயருக்கு ஒரு எல்லை என்று, பிரிக்கப்பட்டது. வடக்கே ஆர்மாவின்கீழ் 12, தெற்கே கேஷலின்கீழ் 12. மடங்களின் செல்வாக்கைக் குறைத்து எல்லை வகுத்த ஏற்பாடு இது. தன் குடும்பத்தின் பிழைப்பு எதில் இருந்ததோ, அதை அவரே கோடு போட்டு அடைத்தார்.

1129 ஏப்ரல் 1இல் தெற்கே ஒரு சுற்றில் இருந்தபோது ஆர்ட்பேட்ரிக்கில் கெல்லாக் இறந்தார். சாகும்முன் தம் ஆயர் கோலைத் தம் குடும்பத்தைச் சேராத ஒருவருக்குக் கொடுத்தனுப்பினார். அந்த ஒருவர்தான் மலாக்கி.

புகழெல்லாம் மலாக்கிக்குப் போயிற்று. 1190இல் அவருக்குப் புனிதர் பட்டம், பெர்னார்டின் கையால் வாழ்க்கை வரலாறு, இன்றைக்கு வாட்ஸ்அப்பில் போலி ஜோசியம்கூட. என் கணக்கில் பெரிய மனிதர் கெல்லாக்தான். மலாக்கி வெளியே நின்று கதவைத் தட்டியவர். கெல்லாக் உள்ளே பிறந்து வளர்ந்து, தாழ்ப்பாளை நீக்கிவிட்டுப் போனவர். இதைச் சொன்னால் என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பாதிரியார், சண்டைக்கு வருவார். வரட்டும்.

கே: தம்பி, அயர்லாந்தோ அரியக்குடியோ, சாவியை வைத்திருந்த வீட்டார் வெளியாள் வந்து கேட்டதும் இந்தா என்று நீட்டிவிடுவார்களா? அந்தப் பங்காளிகள் என்ன செய்தார்கள், அதைச் சொல்லுங்கள்.
— ஆச்சி ஒருவர், கண்டனூர்

ப: நீட்டவில்லை, ஆச்சி. உங்களுக்குத் தெரியாததா!

கெல்லாக் கண்மூடிய சூட்டிலேயே குடும்பத்தார் மூர்க்கெர்ட்டாக் என்பவரை நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். (மேலே சொன்ன அரசர் வேறு, இவர் வேறு. அந்தக் காலத்து அயர்லாந்தில் மூர்க்கெர்ட்டாக் நம் ஊர் சுப்பிரமணியன்போல.) கெல்லாக்குக்கு முன் நாற்காலியில் இருந்தவரின் மகன் இவர்.

மலாக்கிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஆர்மாவிலேயே பிறந்தவர், மடத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியரின் மகன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஏற்கெனவே கானர் என்ற இடத்தில் ஆயராக இருந்து, அங்கே நடந்த போரில் துரத்தப்பட்டு, தெற்கே கார்மாக் மக்கார்த்தி என்ற அரசரின் பாதுகாப்பில் துறவிகளோடு இருந்தார். கோல் வந்து சேர்ந்தும் அவர் கிளம்பவில்லை. மூன்று வருடம் போயிற்று. கடைசியில், லிஸ்மோரின் முதிய ஆயர் மால்கசும் கில்லாவும் சேர்ந்து, வராவிட்டால் சபையிலிருந்தே விலக்குவோம் என்று மிரட்டிய பிறகுதான் 1132இல் சம்மதித்தார். அப்போதும் ஒரு நிபந்தனை: காரியம் முடிந்ததும் என்னை என் பழைய இடத்துக்கு விட்டுவிட வேண்டும்.

சம்மதித்தவர் ஊருக்குள் போகவில்லை. போனால் வெட்டுக்குத்து நடக்கும், உயிர்கள் போகும் என்று இரண்டு வருடம் ஆர்மாவுக்கு வெளியே இருந்துகொண்டே ஆயர் வேலையைப் பார்த்தார். நாற்காலியில் ஒருவர், வேலையில் ஒருவர். 1134இல் மூர்க்கெர்ட்டாக் இறந்தார். அப்பாடா என்று பார்த்தால், அவர் தமக்குப் பின் என்று கைகாட்டியது நியாலை. நியால் யார்? கெல்லாக்கின் கூடப்பிறந்தவர்! அண்ணன் விட்டுக்கொடுத்ததைத் தம்பி விடவில்லை.

மலாக்கி ஊருக்குள் வந்ததும் நியால் ஓடினார், வெறுங்கையோடு இல்லை. பேட்ரிக்கின் நற்செய்திப் புத்தகத்தையும், 'இயேசுவின் கோல்' என்று பெயர்பெற்ற தங்கத் தகடு வேய்ந்த கோலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவை இரண்டும் யாரிடம் இருக்கிறதோ அவரே ஆயர் என்பது ஜனங்களின் நம்பிக்கை. நியால் கோலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார், போன இடமெல்லாம் மரியாதை. அபிஷேகம், சங்கத் தீர்மானம், போப்பின் பிரதிநிதி எல்லாம் மலாக்கி பக்கம், ஊரார் கும்பிடு மட்டும் கோல் பக்கம்.

நடுவில் ஒரு பெரிய இடத்து ஆள், சமாதானம் பேசலாம் வாருங்கள் என்று மலாக்கியைத் தம் வீட்டுக்கு அழைத்து, உள்ளே ஆயுதத்தோடு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தாராம். கூட இருந்தவர்கள் தடுத்தும், மூன்றே சீடர்களோடு இவர் போனார். உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று எழுதுகிறார் பெர்னார்டு.

கோல் எப்படித் திரும்பியது தெரியுமா, ஆச்சி? அற்புதத்தால் இல்லை. ஆண்டுக் குறிப்புகள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன: 1135இல் மலாக்கி கோலை விலைக்கு வாங்கினார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். சபிக்கவும் இல்லை, படை திரட்டவும் இல்லை. பைசாவைக் கொடுத்துப் பிரச்சினையை முடித்தார். அது நம் பொருளை நாமே வாங்குவதுதானே, அவமானம்தானே என்று நினைத்திருந்தால் இன்னும் இருபது வருடம் இழுத்திருக்கும்.

1137இல், சொன்ன சொல்லின்படி, நாற்காலியை விட்டு இறங்கினார். டெரி மடத்தின் தலைவர் கெலாசியசை உட்கார வைத்துவிட்டுத் தாம் டவுன் என்ற சிறிய மறைமாவட்டத்துக்கு ஆயராகப் போனார். கெலாசியஸ் 1174 வரை, ஆட்டம் அசைவில்லாமல் இருந்தார். சினாக் குலம் அதற்குப்பின் தலையெடுக்கவில்லை.

கே: முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கைக்கு வருவதெல்லாம் பங்கு பிரிந்த வீட்டுச் சாமான். அந்த அயர்லாந்து மடத்துச் சாமான்கள் என்ன ஆயின?
— வியாபாரி, காரைக்குடி

ப: உங்கள் கடைக்கு வந்திருந்தால் நீங்கள் ராஜா. மூன்று பொருள், மூன்று தலையெழுத்து.

'இயேசுவின் கோல்' 12ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில், இங்கிலாந்திலிருந்து படையெடுத்து வந்த நார்மன்கள் கையால் டப்ளினுக்குப் போய், கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் இருந்தது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1538இல், மூடநம்பிக்கை என்று சொல்லித் தெருவில் வைத்து எரித்துவிட்டார்கள்.

இரண்டாவது ஆர்மா புத்தகம். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெர்டோம்னாக் என்ற எழுத்தர் எழுதியது. நியால் தூக்கிக்கொண்டு போனது இதைத்தான் என்பது பொதுவான கருத்து. இதைக் காப்பதற்கென்றே ஒரு குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு மானியமாக நிலமும் உண்டு. குடும்பப் பெயரே 'காவலர் மகன்' என்று பொருள்படும் மக்மோயர். தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். கடைசியாக வந்த ஃபிளாரன்ஸ் மக்மோயர், 1680இல் லண்டன் போகச் செலவுக்குப் பணமில்லாமல், புத்தகத்தை 5 பவுனுக்கு அடகு வைத்தார். எதற்காக லண்டன் பயணம்? ஆர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்ல! அந்தப் பேராயர் 1681இல் லண்டனின் டைபர்ன் தூக்குமேடையில் உயிர்விட்டார். பேட்ரிக்கின் புத்தகத்தை அடகு வைத்துப் பேட்ரிக்கின் வாரிசைத் தூக்கில் ஏற்ற உதவினார் காவலர். புத்தகம் இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாவது பேட்ரிக்கின் மணி. சாதாரண இரும்புத் தகட்டு மணி, மேலே வெண்கலப் பூச்சு. அதற்கு 1100வாக்கில் செய்த உறை இருக்கிறதே, தங்கக் கம்பிப் பின்னல், வெள்ளி, கற்கள் என்று கண்ணைப் பறிக்கும். உறையின் ஓரத்தில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்: செய்யச் சொன்ன அரசர் பெயர், அப்போதைய பேட்ரிக் வாரிசு டோம்னாலின் பெயர் (கெல்லாக்குக்கு முந்தையவர், அதே குலம்), மணியைக் காக்கும் மல்ஹாலண்ட் குடும்பத்தவர் பெயர், கூடவே வேலை செய்த ஆசாரியின் பெயரும் அவர் மகன்களும். ஆசாரி பெயரை எழுதிய அந்த மனசுக்கு ஒரு கும்பிடு போடலாம். நம் ஊர் வளவுகளில் நிலைக்கதவு இழைத்தவர் யாரென்று எத்தனை வீட்டில் எழுதியிருக்கிறது? இந்த மணியையும் ஒரே குடும்பம் வழிவழியாகக் காத்தது. கடைசிக் காவலர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சாகும்போது தம் பழைய மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். இன்று அது டப்ளினில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குடும்பம் காத்ததும் உண்டு, குடும்பமே அடகு வைத்ததும் உண்டு. அந்த டோம்னாலைப் பெர்னார்டு திட்டிய எட்டுப் பேரில் ஒருவராகத்தான் எண்ண வேண்டும். அவர் பார்த்துச் செய்ய வைத்த உறையைப் பார்க்கத்தான் இன்று கூட்டம் வருகிறது.

கே: சிவில் எஞ்சினியரிங் படிக்கிறேன் ஐயா. அந்தக் காலத்து அயர்லாந்தில் கோயில்களை எதால் கட்டினார்கள்?
— மாணவி, கானாடுகாத்தான்

ப: பெரும்பாலும் மரம், அம்மா. மலாக்கி முதலில் பாங்கர் மடத்தைப் புதுப்பித்தபோது இழைத்த பலகைகளால் ஒரு ஜெபக்கூடம் கட்டினார். அழுத்தமாகச் சேர்த்த பலகை, ஐரிஷ் வேலைப்பாடு, பார்க்க அழகு என்று பெர்னார்டே எழுதுகிறார்.

பிற்பாடு பிரான்சுக்குப் போய்வந்த மலாக்கிக்கு, அங்கே பார்த்த மாதிரிக் கல்லில் கட்ட ஆசை. அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்ததும் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து பிடித்துக்கொண்டார். "நாம் ஐரிஷ்காரர்கள், பிரான்சுக்காரர்கள் இல்லை. எதற்கு இந்த ஆடம்பரம்? உம்மிடம் பணம் ஏது, கட்டி முடிக்க நீர் உயிரோடு இருப்பீரா?" என்ற ரீதியில். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் இறக்கி வீடு கட்டிய நம் பாட்டன்மார்களையும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள்.

பெரிய மாற்றம் வந்தது 1142இல். மலாக்கி கிளேர்வோவில் தம்மோடு வந்தவர்களில் நாலு பேரைப் பயிற்சிக்கு விட்டுவந்திருந்தார். அப்படிப் பயின்றவர்களும் பிரெஞ்சுத் துறவிகள் சிலரும் சேர்ந்து மெல்லிஃபாண்ட் என்ற இடத்தில் அயர்லாந்தின் முதல் சிஸ்டர்சியன் மடத்தை (பெர்னார்டு சேர்ந்திருந்த துறவியர் சபை அது) தொடங்கினார்கள். கட்டட வேலைக்கு ராபர்ட் என்ற துறவியைப் பெர்னார்டு அனுப்பினார். நடுவே சதுர முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒரு பக்கம் கோயில், மறு பக்கம் சாப்பாட்டுக்கூடம் என்று அளவெடுத்த திட்டம். முற்றத்தைச் சுற்றி வீடு கட்டுகிற ஊரில் இருந்துகொண்டு படிக்கிறாய், வரைபடத்தைத் தேடிப் பார். 1157இல் அதன் அபிஷேகத்துக்கு டெர்வொர்கில் என்ற அரசகுலப் பெண்மணி 60 அவுன்ஸ் தங்கம், ஒரு தங்கக் கிண்ணம், பீடங்களுக்கு விரிப்புத் துணிகள் எல்லாம் கொடுத்தார். தங்கக் கணக்கில் ஆண்கள் கொடுத்ததற்குக் குறையவில்லை.

கே: பெர்னார்டு எழுதியதைப் படித்தால் ஐரிஷ்காரர்கள் காட்டுமிராண்டிகள்போலத் தெரிகிறதே? அது உண்மையா?
— கல்லூரி விரிவுரையாளர், கோட்டையூர்

ப: பெர்னார்டு அயர்லாந்தில் கால் வைத்ததே இல்லை. ஐரிஷ் துறவிகள் சொல்லக் கேட்டு, மலாக்கி இறந்தபின் கிளேர்வோவில் உட்கார்ந்து எழுதினார். கதாநாயகன் பெரியவனாகத் தெரிய வேண்டுமென்றால் ஊர் கெட்டதாக இருந்தாக வேண்டும். கானர் ஜனங்களைப் பேரளவில் கிறிஸ்தவர்கள், நடப்பில் அஞ்ஞானிகள் என்கிறார். ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் இல்லை, முறையான திருமணம் இல்லை என்கிறார். திருமண விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. அயர்லாந்தின் பழைய சட்டம் மணவிலக்கை அனுமதித்தது. காண்டர்பரிப் பேராயர்கள் லான்ஃபிராங்கும் ஆன்செல்மும் அதற்கு முன்பே இதைக் குறைசொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அதே காலத்து அயர்லாந்தைக் கொஞ்சம் பாருங்கள். 1123இல் டர்லோ ஓ கானர் அரசர் செய்வித்த காங் சிலுவை. மலாக்கிக்கு அடைக்கலம் கொடுத்த கார்மாக் மக்கார்த்தி கேஷல் பாறைமேல் கட்டி 1134இல் அபிஷேகம் செய்த கற்கோயில். இவையெல்லாம் காட்டுமிராண்டிகள் செய்தவையா? திருச்சபைச் சீர்திருத்தமும் கெல்லாக், கில்லா, மால்கஸ் என்று ஐரிஷ்காரர்களே தொடங்கி நடத்தியதுதான்.

பெர்னார்டு அன்புக்காக எழுதினார், ஆனால் இந்தச் சித்திரம் வேறு ஆட்களுக்கு வசதியாகப் போயிற்று. 1155இல் அந்த 'வெள்ளை நாட்டுப்புறத்து' ஏட்ரியன், அயர்லாந்துக்குள் போய்த் திருச்சபையைத் திருத்த இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றிக்கு அனுமதி கொடுத்ததாக ஒரு கடிதம் சொல்கிறது. கடிதம் அசலா என்பதில் சண்டை தீரவில்லை. ஆனால் 1171இல் ஹென்றி வாட்டர்ஃபோர்டில் படையோடு வந்து இறங்கியதில் சண்டைக்கு இடமில்லை. ஏற்கெனவே வீட்டுக்காரர்கள் பெருக்கி முடித்த வீட்டுக்குள், பெருக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். பின்னால் வந்த நாடுபிடிப்பவர்கள் நம்மைப் பற்றி எழுதியதையும் சேர்த்து வைத்து உங்கள் வகுப்பில் பேசலாம்.

கே: மலாக்கி எங்கே, எப்படி இறந்தார்? அவர் திருநாள் என்று? பங்குக் கோயில் நாட்காட்டியில் தேடினேன், கிடைக்கவில்லை.
— வாசகி, புதுவயல்

ப: நவம்பர் 3. நம் நாட்காட்டிகள் பலவற்றில் அன்றைக்கு மார்ட்டின் தெ போரஸ்தான் இருப்பார், அதனால் கண்ணில் பட்டிருக்காது. இறந்தது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று வேறு யாருக்கும் தனித் திருநாள் வைக்க இடமில்லாததால் ஒரு நாள் தள்ளிவிட்டார்கள்.

பேராயர்களுக்குப் போப் அனுப்பும் பாலியம் என்ற வெண்கம்பளித் தோள்பட்டை ஒன்றுண்டு. அது அணிந்தால்தான் பதவிக்கு முழு அங்கீகாரம். மலாக்கி அதை ஆர்மாவுக்கும் கேஷலுக்கும் கேட்டு, பதவியை விட்ட பிறகு, ரோமுக்குப் போனார். இரண்டாம் இன்னொசென்ட் தம் தலையில் இருந்த ஆயர் முடியையே எடுத்து இவர் தலையில் வைத்தார், ஆனால் பாலியத்தைக் கொடுக்கவில்லை. எல்லோரும் கூடிச் சங்கத்தில் கேளுங்கள், பார்க்கலாம் என்றார். 1148இல் ஸ்கெரிஸ் கடற்கரைக்கு எதிரே உள்ள பேட்ரிக் தீவில் சங்கம் கூட்டிக் கேட்டுவிட்டு மலாக்கி மறுபடி கிளம்பினார். இங்கிலாந்து வழியாகப் போக அரசர் ஸ்டீபன் தடை போட்டதில் தாமதம். அக்டோபர் நடுவில் கிளேர்வோ வந்தார், 18ஆம் தேதி காய்ச்சலில் படுத்தார், எழவில்லை. வயது 54. பெர்னார்டு தம் அங்கியை அவருக்கு உடுத்தி, அவருடையதைத் தாம் எடுத்து வைத்துக்கொண்டார்.

பாலியம் 1152இல் வந்தது. கேட்டது இரண்டு, கர்தினால் பாப்பரோ கெல்ஸ் சங்கத்துக்குக் கொண்டுவந்தது நான்கு. டப்ளினும் ட்யூமும் சேர்ந்துகொண்டன. ஆர்மாக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை.